மதம் சாராமல் மைண்ட்ஃபுல்னஸ் தியானம்: மூச்சுக்கு அப்புறம் என்ன? ஒரு முழுமையான வழிகாட்டி

மைண்ட்ஃபுல்னஸ் (நடப்பதை நடக்கும்போதே விழிப்போடு கவனிப்பது) பற்றி எழுதப்படும் பெரும்பாலான வழிகாட்டிகள் மூச்சில் ஆரம்பித்து மூச்சிலேயே முடிந்துவிடுகின்றன. கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள், மனம் அலைந்தால் திரும்பி வாருங்கள், அவ்வளவுதான். இதில் தப்பே இல்லை. ஆனால் இந்தப் பயிற்சி பிறந்த பௌத்த மரபில் மூச்சு என்பது நான்கு பகுதிகளில் முதல் பகுதியின் முதல் பயிற்சி மட்டுமே. மீதி மூன்று பகுதிகள்தான் நம் கோபத்தையும் பதற்றத்தையும் ஏக்கத்தையும் நேரடியாகத் தொடுகின்றன, அவற்றைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் இங்கே நான்கையும் வரிசையாகச் சொல்லப் போகிறேன். மறுபிறவியை ஏற்காதவர், எந்த மதத்திலும் இல்லாதவர், வேறொரு மதத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர் என யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். எதையும் நம்பச் சொல்லவில்லை, கவனித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள்

பாலி மொழியில் உள்ள பௌத்த உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் 10-வதாக வருவது சதிபட்டான சூத்திரம். உடல், உணர்வு, மனநிலை, மனத்தில் எழுந்து மறையும் விஷயங்கள் என நான்கையும் எப்படிக் கவனிப்பது என்று அது சொல்கிறது. அதே தொகுப்பில் 118-வதாக வரும் ஆனாபானசதி சூத்திரம், மூச்சை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு அதே நான்கையும் 16 படிகளில் கடக்கிறது. இன்று செயலிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லித்தரப்படும் மைண்ட்ஃபுல்னஸின் வேர் பெரும்பாலும் இந்த இரண்டு நூல்களில்தான் இருக்கிறது.

நெடுங்காலம் இது பெரும்பாலும் துறவிகளின் பயிற்சியாகவே இருந்தது. குடும்பத்தோடு வாழ்பவர்களுக்கும் இதைப் பரவலாகக் கற்றுக்கொடுக்கலாம் என்ற மாற்றம் பர்மாவில் நடந்தது. அதற்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் லெடி சயாடோ என்ற துறவி (1846–1923). அவருக்குப் பின் வந்த மகாசி சயாடோ (1904–1982), மூச்சு விடும்போது வயிறு எழுவதையும் தணிவதையும் கவனித்து, நடப்பதை எல்லாம் மனதுக்குள் பெயரிட்டுக் குறிக்கும் முறையைப் பரப்பினார். ஊ பா கின் பர்மா அரசின் தலைமைக் கணக்கு அதிகாரியாக வேலை பார்த்தபடியே தியானம் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் கற்ற எஸ். என். கோயங்கா 1969-இலிருந்து இந்தியாவில் 10 நாள் விபஸ்ஸனா (உள்ளதை உள்ளபடி கவனிக்கும் தியானம்) முகாம்களை நடத்தத் தொடங்கினார்.

மதப் பெயர் இல்லாத வடிவம் 1979-இல் வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின், நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வாழ்ந்த நோயாளிகளுக்காக ஒரு பயிற்சியை ஆரம்பித்தார். ஜென், விபஸ்ஸனா இரண்டையும் கற்றிருந்த அவர் சடங்குகளையும் பௌத்தச் சொற்களையும் எடுத்துவிட்டு, கவனிக்கும் முறையை மட்டும் வைத்துக்கொண்டார். அதுதான் எம்.பி.எஸ்.ஆர்., அதாவது மைண்ட்ஃபுல்னஸ் வழியே மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி. எட்டு வாரம், வாரம் ஒரு வகுப்பு, ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி, வீட்டில் தினமும் ஏறத்தாழ 45 நிமிடம் என்பது அதன் அமைப்பு. பிறகு ஸின்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் அதை, எண்ணப் போக்கை ஆராய்ந்து மாற்றும் அறிவாற்றல் சிகிச்சையோடு இணைத்து, மனச்சோர்வு நோய் திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக எம்.பி.சி.டி. என்ற முறையை உருவாக்கினார்கள்.

பலன் உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் மிகைப்படுத்திச் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 2014-இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியான பெரிய மறுஆய்வு, 3,515 பேர் கலந்துகொண்ட 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் சிறிய அளவிலிருந்து மிதமான அளவு வரை முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ மற்ற உளவியல் சிகிச்சைகளையோ விட இது மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2022-இல் பிரிட்டன் பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களோடு நடந்த ஆய்வில், வகுப்போடு வகுப்பாக எல்லாருக்கும் கற்றுக்கொடுத்ததில் வழக்கமான பாடத்தைவிட எந்தக் கூடுதல் பலனும் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். மனதோடு நாம் பழகும் விதத்தை மெல்ல மாற்றக்கூடிய ஒரு பயிற்சி என்று எடுத்துக்கொண்டால் போதும், அதுவே பெரிய விஷயம்.

ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயங்கள்

முதலாவது நேரம். தினமும் பத்து நிமிடம் என்பது வாரத்தில் ஒரு நாள் ஒரு மணிநேரம் உட்காருவதைவிட நல்லது. பல் துலக்கிய உடனே, வேலைக்குக் கிளம்பும் முன், வீடு திரும்பியதும் என ஏற்கெனவே நீங்கள் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு அதை ஒட்டி வையுங்கள். தூங்கப் போகும் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது, உடல் அதைத் தூக்கத்துக்கான ஏற்பாடாகவே எடுத்துக்கொள்ளும். தூக்கம் வருவதற்காகவே செய்கிறீர்கள் என்றால் அது வேறு, தாராளமாகச் செய்யலாம்.

இரண்டாவது, நோக்கம். மனதை வெறுமையாக்குவது நம் நோக்கம் இல்லை. எண்ணமே வராத நிலையை எதிர்பார்த்து உட்காருகிறவர் சில நாட்களில் "எனக்கு இது வராது" என்று எழுந்துவிடுவார். எண்ணம் வரும், அது மனதின் வேலை. வந்தது தெரிகிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

மூன்றாவது ஒழுக்கம், இதைச் சொல்ல நான் தயங்கமாட்டேன். மதம் சாராத வகுப்புகளில் இதைப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள், அது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. பௌத்த மரபில் தியானத்துக்கு முன்பே கொல்லாமை, திருடாமை, தவறான பாலுறவில் ஈடுபடாமை, பொய் சொல்லாமை, போதையைத் தவிர்த்தல் என்ற ஐந்தும் வந்துவிடும். இதற்கு மத நம்பிக்கை தேவையே இல்லை. காலையில் ஒருவரை ஏமாற்றிவிட்டு மாலையில் அமைதியாக உட்கார முயன்று பாருங்கள், மனம் வேறு எங்கும் போகாது, அங்கேயேதான் சுற்றும். ஐந்தில் உங்களுக்கு எது பலவீனமோ அதை மட்டுமாவது, பின்னால் நான் சொல்லப்போகும் எட்டு வாரப் பயிற்சி முடியும்வரை கடைப்பிடித்துப் பாருங்கள்.

முதல் படி: உட்காருவது

நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும், முதுகு சாயாமல் ஆனால் விறைக்காமல் நிமிர்ந்திருக்கட்டும், கைகளைத் தொடைமேல் வையுங்கள். தரையில் உட்காருவதாக இருந்தால் இடுப்புக்குக் கீழே கெட்டியான தலையணை வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கீழ்முதுகு வளைந்து சீக்கிரம் வலிக்கும். பத்மாசனம் கட்டாயமில்லை. முதுகுவலி உள்ளவர்கள் படுத்தும் செய்யலாம், முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டால் தூக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

கண்ணை மூடலாம், அல்லது முன்னால் தரையைப் பார்த்தபடி பாதி திறந்து வைக்கலாம். கண்ணை மூடினால் பயமோ படபடப்போ வருகிறவர்கள் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், அதனால் எதுவும் குறைந்துவிடாது. கைபேசியில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, திரை கண்ணில் படாதபடி கவிழ்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மூச்சு

மூச்சு எங்கே உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று முதலில் தேடுங்கள். மூக்கின் நுனியா, மார்பா, வயிறா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள். அடிக்கடி இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் கவனம் ஊன்றாது. படபடப்பு அதிகமுள்ளவர்களுக்கு வயிறு பொருந்தும், சோம்பல் அதிகமுள்ளவர்களுக்கு மூக்கின் நுனி நன்றாக இருக்கும் என்பது நான் கண்ட வரையில் சரியாக இருக்கிறது.

மூச்சை மாற்றாதீர்கள். சூத்திரம் சொல்வது இதுதான்: நீளமாக மூச்சை இழுத்தால் நீளமாக இழுக்கிறேன் என்று தெரிய வேண்டும், குறுகலாக இழுத்தால் குறுகலாக இழுக்கிறேன் என்று தெரிய வேண்டும். ஆழமாக இழு என்றோ மெதுவாக விடு என்றோ அதில் இல்லை. இது மூச்சுப் பயிற்சி இல்லை என்பதைப் பிராணாயாமம் பழகியவர்கள் குறிப்பாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும் கட்டுப்படுத்தும் பழக்கம் தானாக வந்துவிடும். அப்படி வந்தால் சண்டை போட வேண்டாம், "கட்டுப்படுத்துகிறேன்" என்று தெரிந்துகொண்டு, மூச்சு வெளியே போகும் பகுதியை மட்டும் கொஞ்ச நேரம் கவனியுங்கள். வெளிமூச்சில் நம் தலையீடு பொதுவாகக் குறைவு.

மனம் நிற்கவே இல்லை என்றால் எண்ணுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்த உரையாசிரியர் தொகுத்த விசுத்திமக்கம் என்ற பயிற்சி வழிகாட்டி நூல், ஐந்துக்குக் குறையாமலும் பத்தைத் தாண்டாமலும் எண்ணச் சொல்கிறது. நடைமுறையில் பார்த்தால் இது நல்ல அளவுதான். ரொம்பச் சின்னச் சுற்றாக இருந்தால் மனம் நெருக்கப்படும், பத்தைத் தாண்டினால் கவனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். கவனம் கொஞ்சம் நின்றதும் எண்ணுவதை விட்டுவிடலாம்.

மனம் அலையும். நாளைய வேலை, பழைய வாக்குவாதம், ஏதோ ஒரு பாட்டின் இரண்டு வரி என்று எங்கோ போயிருக்கும். போனது திடீரெனத் தெரியவரும், அந்த நொடியைக் கவனியுங்கள். அதை நீங்கள் முயன்று கொண்டுவரவில்லை, தானாக நடந்தது. பயிற்சியில் வளர்வது இந்த "தெரியவருதல்" தான். அப்போது "சே, மறுபடியும் போய்விட்டேனே" என்று உங்களைக் கடிந்துகொண்டால், தெரியவருவதற்கே தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த இடத்தில் ஒரு நொடி நின்று, "நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்த மூச்சுக்கு வாருங்கள். பத்து நிமிடத்தில் நூறு தடவை இது நடந்தாலும் நூறு தடவையும் பயிற்சிதான்.

மூன்றாம் படி: உடல் முழுவதும்

மூச்சில் ஓரளவு நிற்க முடிகிறது என்றால் கவனத்தை உடலுக்குப் பரப்புங்கள். கால் விரலிலிருந்து தலை உச்சி வரையோ, தலையிலிருந்து கால் வரையோ, பகுதி பகுதியாகப் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் என்ன தெரிகிறது? சூடு, குளிர்ச்சி, துணி உரசுவது, துடிப்பு, இறுக்கம், அரிப்பு, மரமரப்பு. எதுவுமே தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்பதையும் கவனித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

எம்.பி.எஸ்.ஆர். வகுப்புகளில் முதல் வாரங்களில் படுத்துக்கொண்டு செய்யும் முக்கியமான பயிற்சி இது. தளர்வு வந்தால் வரட்டும், ஆனால் தளர்வு கிடைக்காத நாளைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். தோள் இறுகிக் கிடக்கிறது என்று தெரிந்தாலே அந்த நாளின் பயிற்சி நடந்துவிட்டது. பிற்பாடு ஒரு வாக்குவாதத்தின் நடுவில் உங்கள் தாடை இறுகுவது வார்த்தை வாயிலிருந்து வரும் முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றால், இப்போது அமைதியான நேரத்தில் தாடையோடு பழகியிருக்க வேண்டும்.

நான்காம் படி: இனிது, இன்னாதது, இரண்டுமில்லாதது

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள், இந்த வழிகாட்டியை நான் எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

உடலிலோ மனதிலோ எது தோன்றினாலும் அதோடு சேர்ந்து ஒரு சாயலும் வரும். இனிதாக இருக்கும், இன்னாததாக இருக்கும், அல்லது இரண்டுமில்லாமல் சும்மா இருக்கும். சதிபட்டான சூத்திரத்தின் இரண்டாவது பகுதி முழுக்க இதைப் பற்றித்தான். இது கோபம், துக்கம், ஆசை போன்ற முழு உணர்ச்சி இல்லை, அவற்றுக்கு முன்னால் ஒரு நொடி வருவது. கைபேசி ஒலிக்கிறது, திரையில் ஒரு பெயர் தெரிகிறது, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முன்பே வயிற்றில் ஒரு சின்ன இழுப்பு. அந்த இழுப்பில் "பிடிக்கவில்லை" என்பது ஏற்கெனவே இருக்கிறது. எரிச்சல், சாக்கு, அழைப்பைத் துண்டிப்பது எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

பௌத்த மரபு இந்த வரிசையைக் கூர்மையாகப் பார்த்திருக்கிறது: புலனில் ஏதோ ஒன்று படுகிறது, சாயல் தோன்றுகிறது, சாயலிலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று. இனிதாக இருந்தால் இன்னும் வேண்டும், இன்னாததாக இருந்தால் ஒழிய வேண்டும், இரண்டுமில்லை என்றால் சலிப்பு, கவனமே போய்விடும். சாயல் தோன்றுவதை நாம் தடுக்க முடியாது. சாயலுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் ஏதாவது செய்ய இடமிருக்கிறது. அந்த இடம் தெரிய வேண்டும் என்றால் சாயலைச் சாயலாகவே பார்க்கப் பழக வேண்டும்.

பயிற்சி எளிது. ஐந்து நிமிடம் மூச்சோடு இருங்கள். பிறகு எது கவனத்தை இழுத்தாலும் அதற்கு இந்த மூன்றில் ஒரு சொல்லை மட்டும் மனதுக்குள் கொடுங்கள். வெளியே வண்டிச் சத்தம்: இன்னாதது. காற்று கன்னத்தில் படுகிறது: இனிது. கையில் துணியின் தொடுகை: இரண்டுமில்லை. முழங்காலில் வலி: இன்னாதது. ஏன், எதனால், யாரால் என்று போக வேண்டாம். குழப்பமாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஒரே வண்டிச் சத்தம் முதலில் இன்னாததாகவும் கொஞ்ச நேரம் கழித்து இரண்டுமில்லாததாகவும் மாறுவதைப் பார்ப்பீர்கள். சத்தம் மாறவில்லை, சாயல்தான் மாறியது. இதை ஒரு தடவை நேராகக் கண்டுவிட்டால், "இது பொறுக்கவே முடியாத விஷயம்" என்று மனம் தீர்ப்புச் சொல்லும்போது அதை உடனே நம்பிவிடமாட்டீர்கள்.

அரிப்பு இதற்கு நல்ல வாய்ப்பு. அடுத்த முறை உட்காரும்போது மூக்கில் அரித்தால் உடனே சொறியாமல் கொஞ்சம் பொறுங்கள். அரிப்பு என்ற தொடு உணர்வு ஒன்று, அது இன்னாதது என்ற சாயல் இரண்டு, சொறிய வேண்டும் என்ற உந்துதல் மூன்று. மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்த பிறகு, வேண்டுமானால் சொறிந்துகொள்ளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது பயிற்சி இல்லை.

இதே விஷயத்தைச் சம்யுத்த நிகாயம் என்ற இன்னொரு பாலித் தொகுப்பில் உள்ள சல்லத்த சூத்திரம் இரண்டு அம்புகளாகச் சொல்கிறது. உடலில் வலி வருவது முதல் அம்பு. அதை எண்ணிப் புலம்புவதும் நொந்துகொள்வதும் இரண்டாவது அம்பு. பழகிய மனதுக்கு முதல் அம்பு மட்டும் தைக்கிறது. நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்குக் கபட்-ஜின் கற்றுக்கொடுத்ததன் சாரமும் கிட்டத்தட்ட இதுதான்: வலி இருக்கலாம், "இது எப்போது போகும், ஏன் எனக்கு மட்டும்" என்று அதன்மேல் ஏறும் பாரத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும்.

ஐந்தாம் படி: மனதின் நிலையும் ஐந்து தடைகளும்

மூன்றாவது பகுதி மனநிலை. சூத்திரத்தில் இது மிகச் சுருக்கமாக இருக்கிறது: மனதில் ஆசை இருந்தால் ஆசை இருக்கிறது என்று தெரிகிறது, இல்லையென்றால் இல்லை என்று தெரிகிறது, வெறுப்புக்கும் மயக்கத்துக்கும் அப்படியே, சுருங்கியிருந்தால் சுருங்கியிருக்கிறது, சிதறியிருந்தால் சிதறியிருக்கிறது. இதில் எந்த நிலையையும் மாற்றச் சொல்லவில்லை. தியானம் முடியும் முன் ஒரு நிமிடம் "இப்போது மனம் எப்படி இருக்கிறது" என்று கேட்டு, கிடைத்த பதிலோடு இருந்துவிட்டு எழுந்தால் போதும்.

நான்காவது பகுதியில் பல பட்டியல்கள் இருக்கின்றன, புதிதாக ஆரம்பிப்பவருக்கு அவற்றில் முக்கியமானது ஐந்து தடைகள். புலனின்ப ஆசை, வெறுப்பு, சோம்பலும் தூக்கமும், பரபரப்பும் குற்ற உணர்வும், சந்தேகம். உட்காரும்போது வரும் தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். இவை உங்களிடம் மட்டும் உள்ள குறைகள் இல்லை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தியானம் செய்தவர்கள் எல்லாருக்கும் வந்தவை.

தூக்கம் வந்தால் கண்ணைத் திறங்கள், முதுகை நிமிர்த்துங்கள், தேவைப்பட்டால் எழுந்து நின்று தொடருங்கள். தினமும் வருகிறது என்றால் அது தியானப் பிரச்சினை இல்லை, இரவில் தூக்கம் போதவில்லை, அதைச் சரிசெய்யுங்கள். பரபரப்பு என்றால் கவனத்தைக் கீழே கொண்டுவாருங்கள், பாதத்துக்கும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும். வெறுப்பு ஒருவர்மீது சுழன்றுகொண்டே இருந்தால் கதையை விட்டுவிட்டு உடலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கதை முடிவே இல்லாமல் ஓடும், உடலில் உள்ள இறுக்கத்துக்கு ஓர் அளவும் எல்லையும் உண்டு. ஆசைக்கும் இதே வழிதான்.

சந்தேகம்தான் கடினமானது, ஏனென்றால் அது தடை போலவே தெரியாது, நியாயமான யோசனை போலத் தெரியும். "இந்த முறை எனக்குப் பொருந்துமா, வேறு முறை பார்க்கலாமா, சரியாகத்தான் செய்கிறேனா?" இந்தக் கேள்விகளுக்கு இடம் உண்டு, ஆனால் அது உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் இல்லை. வார முடிவில் ஒரு நேரம் ஒதுக்கி யோசியுங்கள்.

எவ்வளவு முயற்சி போட வேண்டும் என்பதில் பலரும் தடுமாறுவார்கள். அங்குத்தர நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் சோணர் என்ற துறவியின் கதை வருகிறது. கால் வெடித்து ரத்தம் வரும் அளவுக்கு நடைதியானம் செய்தும் பலனில்லாமல் சோர்ந்துபோன அவரிடம், துறவறத்துக்கு முன் வீணை வாசித்தவர் என்பதால், புத்தர் நரம்பின் இறுக்கத்தைப் பற்றிக் கேட்கிறார். அதிகம் இறுக்கினாலும் தளர்த்தினாலும் நாதம் வராது என்று அவர் வாயாலேயே சொல்லவைக்கிறார். நெற்றி சுருங்கி, கண் இறுகி, மூச்சைப் பிடித்தபடி கவனிக்கிறீர்கள் என்றால் தளர்த்துங்கள். இனிமையான அரைத்தூக்கத்தில் மிதக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் இறுக்குங்கள். ஒரே உட்காருதலுக்குள்ளேயே இதைப் பலமுறை சரிசெய்ய வேண்டியிருக்கும்.

நடைதியானம்

உட்கார முடியாதவர்களுக்கு இது மாற்று இல்லை, தன்னளவில் முழுமையான பயிற்சி. பத்துப் பதினைந்து அடி நீளமுள்ள இடம் போதும், வீட்டுக்குள்ளேயே கூட. வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக நடந்து, பாதம் எழுவது, நகர்வது, பதிவது என மூன்றையும் உணருங்கள். முனைக்கு வந்ததும் நில்லுங்கள், நிற்பதை உணருங்கள், திரும்புங்கள். எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை என்பதால்தான் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடக்கச் சொல்கிறார்கள். படபடப்பு அதிகமான நாட்களில் முதலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு அப்புறம் உட்காருங்கள்.

நாள் முழுக்க

சதிபட்டான சூத்திரத்தின் உடல் பகுதியைப் படித்தால் ஒன்று தெரியும், அது கண்ணை மூடி உட்காருவதோடு நிற்கவில்லை. முன்னே போவது, திரும்பி வருவது, கையை மடக்குவது, நீட்டுவது, உண்பது, குடிப்பது, மலசலம் கழிப்பது, பேசுவது, பேசாமல் இருப்பது எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. உட்காரும் நேரம் பழகுவதற்கு, பழகியதைப் பயன்படுத்துவது மீதி நேரத்தில்.

ஆனால் நாள் முழுக்க விழிப்பாக இருப்பேன் என்று தீர்மானித்தால் மதியத்துக்குள் மறந்துவிடும். ஒரு காரியத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். கை கழுவுவது, மாடிப்படி ஏறுவது, கதவைத் திறப்பது. ஒரு வாரம் அதை மட்டும் முழுக் கவனத்தோடு செய்யுங்கள். அடுத்த வாரம் இன்னொன்றைச் சேருங்கள். சாப்பாட்டில் முதல் மூன்று வாயை மட்டும் கவனத்தோடு சாப்பிடுவது எல்லாராலும் முடியும், எம்.பி.எஸ்.ஆர். முதல் வகுப்பிலேயே ஒரே ஓர் உலர் திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாக மெல்லச் சொல்வதும் இதற்காகத்தான்.

இதைத் தவிர எம்.பி.சி.டி.யில் மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று உண்டு, வேலையின் நடுவில் நெருக்கடி வரும்போது எனக்கு இதைவிட உதவியது வேறு இல்லை. முதல் நிமிடம்: இப்போது என்ன நினைக்கிறேன், என்ன உணர்கிறேன், உடலில் என்ன இருக்கிறது என்று நேர்மையாகப் பார்ப்பது. இரண்டாவது நிமிடம்: மூச்சில் மட்டும் இருப்பது. மூன்றாவது நிமிடம்: மூச்சிலிருந்து கவனத்தை உடல் முழுக்க விரிப்பது. பிறகு செய்ய வேண்டியதைச் செய்யப் போகலாம். கோபமாக ஒரு மின்னஞ்சல் எழுதி முடித்துவிட்டு, அனுப்பும் முன் இதைச் செய்து பாருங்கள்.

பேச்சில் பழகுவது எல்லாவற்றையும்விடக் கடினம். எதிரில் இருப்பவர் பேசும்போது உங்களுக்குள் எழும் இனிது-இன்னாததை மட்டும் கவனித்தபடி, அவர் முடிக்கும் வரை குறுக்கிடாமல் இருப்பதோடு ஆரம்பியுங்கள்.

நல்லெண்ணத்தை வளர்ப்பது

கவனிப்பு மட்டுமே நீண்ட நாள் போனால் சிலருக்கு அது வறட்சியாகவோ தங்களையே எடைபோடுவதாகவோ மாறிவிடும். அதனால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மெத்தா எனப்படும் நல்லெண்ண தியானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசுத்திமக்கத்தில் உள்ள வரிசை இது: முதலில் தனக்கு, பிறகு தான் மதிக்கும் அல்லது நேசிக்கும் ஒருவருக்கு, பிறகு பிடித்தவரும் இல்லை பிடிக்காதவரும் இல்லை என்ற ஒருவருக்கு, கடைசியில் தன்னோடு பகை உள்ளவருக்கு. "பாதுகாப்பாக இரு, நலமாக இரு, அமைதியாக இரு" என்பது போன்ற இரண்டு மூன்று எளிய வரிகளை அவரை நினைத்து மெதுவாகச் சொல்ல வேண்டும். உள்ளே இளகவில்லை என்றாலும் சொல்லலாம், இப்படி ஒரு விருப்பத்தை எண்ணுவதே பயிற்சி.

தன்னிலிருந்து தொடங்குவது பலருக்குக் கஷ்டமாக இருக்கும். அப்படியென்றால் எளிதாக அன்பு வரும் ஒருவரிடமிருந்து, ஒரு குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ கூட இருக்கலாம், ஆரம்பித்துவிட்டுத் தனக்கு வாருங்கள். உங்களை ஆழமாகக் காயப்படுத்தியவரை முதலிலேயே எடுக்காதீர்கள். அவருக்கு நல்லது நினைப்பது என்றால் அவர் செய்ததைச் சரி என்று ஒப்புக்கொள்வதோ, அவரிடம் திரும்பிப் போவதோ இல்லை.

எட்டு வாரத்தை எப்படி அமைப்பது

முதல் இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் மூச்சு மட்டும், அதோடு அன்றாடக் காரியம் ஒன்று. மூன்றாவது, நான்காவது வாரங்களில் பதினைந்து நிமிடமாக்கி, மூச்சையும் உடலையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள், நடையையும் சேருங்கள். ஐந்தாவது, ஆறாவது வாரங்கள் முழுக்க சாயலுக்கு. மூச்சில் தொடங்கி, மீதி நேரம் மூன்று சொற்கள். மூன்று நிமிடப் பயிற்சியை இந்த வாரங்களில் ஆரம்பியுங்கள். கடைசி இரண்டு வாரம் இருபது நிமிடம், மனநிலையும் தடைகளும், வாரம் இரண்டு நாள் நல்லெண்ணம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம், வழக்கம்போல உட்காருங்கள். பலன் இருக்கிறதா என்று தியானம் நடக்கும்போது பார்க்காதீர்கள். கோபம் வந்தால் அது தணிய முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள், அல்லது உங்களோடு வாழ்பவரைக் கேளுங்கள்.

எச்சரிக்கை: இது எல்லாருக்கும் எப்போதும் இதமானது இல்லை

இதைப் பலர் சொல்வதில்லை. தியானத்தால் பதற்றம் கூடுவது, பழைய அதிர்ச்சி நினைவுகள் பொங்கி வருவது, தான் தன்னிடமிருந்தே விலகிப்போனது போன்ற உணர்வு, தூக்கமின்மை எல்லாம் சிலருக்கு வருவதுண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் தியானம் செய்பவர்களையும் ஆசிரியர்களையும் விரிவாகப் பேட்டி கண்டு இத்தகைய அனுபவங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படி ஏதாவது வந்தால் "தாண்டிப் போக வேண்டும்" என்று அழுத்தாதீர்கள். கண்ணைத் திறங்கள், அறையில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், எழுந்து நடங்கள், யாரோடாவது பேசுங்கள். அடுத்த சில நாட்கள் நேரத்தைக் குறையுங்கள் அல்லது நிறுத்திவிடுங்கள். மூச்சைக் கவனித்தாலே பயம் வருகிறவர்கள் வெளிச் சத்தங்களையோ பாதத்தின் தொடுகையையோ கவனிக்கலாம், அதுவும் முழுமையான தியானம்தான்.

கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, அண்மையில் நடந்த பெரிய இழப்பு அல்லது வன்முறை அனுபவம் உள்ளவர்கள் தனியாக ஆரம்பிக்க வேண்டாம், மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ பேசிவிட்டு ஆரம்பியுங்கள். மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் தியானத்தை நம்பி அதை நிறுத்தாதீர்கள்.

எட்டு வாரம் முடிந்து மேலே போக விரும்பினால் ஓர் ஆசிரியரைத் தேடுங்கள். கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்பவரா, தன் முறை மட்டுமே உண்மை என்று சொல்லாதவரா, பணத்திலும் மாணவர்களோடு பழகுவதிலும் ஒளிவுமறைவு இல்லாதவரா என்று பாருங்கள். நீண்ட மௌன முகாமுக்கு எடுத்தவுடனே போகாதீர்கள். 10 நாள் முகாமில் நாளொன்றுக்குச் சுமார் பத்து மணிநேரம் தியானம் இருக்கும், தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்தவருக்கு அது பெரிய தாவல். முதலில் ஒரு நாள், பிறகு இரண்டு மூன்று நாள் என்று போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்கும் இடத்தில் எதையும் மறைக்காமல் எழுதுங்கள், அங்கே ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவர் என்ன சொன்னாலும் கிளம்ப வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் கிளம்பிவிடுங்கள்.